விடுதிச் சமையல்காரியின் குரல்

அடுத்த வரிக்குப் போவதற்கு முன்னால் இந்த வரியைச் சத்தமாக வாசித்து முடித்துவிட வேண்டும் பவளத்துக்கு. கட்டைவிரல் விளையாட்டுக் கருவியின் பொத்தான்மேல் நிற்கும், அழுத்தாது. திரையிலுள்ள ஜெர்மன் வசனத்தை முதலில் உதட்டுக்குள் உருட்டுவார், பிறகு வெளியே விடுவார், கடைசி எழுத்து வரை கடித்து முடித்த பிறகுதான் விரல் இறங்கும். டிராமில் என்றால் முணுமுணுப்பு. வீட்டில் என்றால், அடுப்பில் கறி தாளிக்கும் சத்தத்தையும் மீறிக் கேட்கும். கணவர் ஞானப்பிரகாசம் பொறுக்கமுடியாமல் எப்போதாவது, "மனசுக்குள்ள வாசிக்க ஏலாதோ?" என்று கேட்பதுண்டு.

"ஒரு வரியும் விடக்கூடாது. விடுற வரியிலதான் ஆள் ஒளிச்சிருப்பான்" என்பது பதில்.

பதினெட்டு வருடமாக அவர் விளையாடுவது ஒரேயொரு விளையாட்டுத்தான். ஜப்பானில் செய்தது, 'அலைமுனை விடுதி' என்று பெயர். அதில் ஓட்டமும் இல்லை, துப்பாக்கிச் சூடும் இல்லை. ஒரு படம் அசையாமல் நிற்கும், கீழே எழுத்து வரும், பொத்தானை அழுத்தினால் அடுத்த வரி. ஒரு தீவில் ஒரு பழைய விடுதி. புயலடித்த நாளில் அதன் முதலாளி காணாமற்போகிறார். விசாரிக்க வரும் இளம் பத்திரிகையாளர்தான் நாம். யாரிடம் என்ன கேட்பது என்பதை இடைக்கிடை நாமே தெரிவு செய்யவேண்டும். பிழையான கேள்வி கேட்டால் கதை வேறு பாதையில் இறங்கி, ஒரு பாவமும் அறியாதவரைச் சிறைக்கு அனுப்பிவிட்டு முடிந்துபோகும்.

பவளத்துக்கு ஐம்பத்திரண்டு வயது. டோர்ட்மண்டில் ஒரு பெரிய மருத்துவமனையின் நிலக்கீழ்த் தளத்தில் வேலை. சத்திரசிகிச்சை முடிந்து வரும் கத்தரிகளையும் இடுக்கிகளையும் கழுவி, விளக்குப் பொருத்திய பூதக்கண்ணாடியின் கீழ் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, தட்டில் அடுக்கி மூடவேண்டும். அவர் மூடிய தட்டு இந்த வருடம்வரை குறையென்று திரும்பி வந்ததில்லை. இடுக்கியின் மூட்டில் ஊசிமுனையளவு கறை தெரிந்தாலும், "நீ எங்கையடா இருந்தனீ நேற்று?" என்று அதனிடமே கேட்பார்.

அந்தக் கேள்வியும் விளையாட்டிலிருந்து வந்ததுதான். அவருடைய ஜெர்மன் முழுவதுமே அங்கிருந்து வந்தது.

நாட்டுக்கு வந்த புதிதில் மொழி வகுப்புக்குப் போக வழியில்லை. கணவருக்கு இரும்புத் தொழிற்சாலையில் மாறி மாறி வேலைநேரம். ஐந்து வயதில் ஒரு மகள். அந்த மகள், ஜெசிகா, எட்டாவது பிறந்தநாளுக்குக் கேட்டது நாய்க்குட்டி வளர்க்கும் விளையாட்டு. பழைய பொருள் சந்தையில் பவளம் தெரியாமல் வாங்கிவந்தது இந்த விடுதிக் கதை. பிள்ளை அழுது ஓய்ந்து, பிறகு வாசிக்கத் தொடங்கினாள். பத்திரிகையாளருக்கு ஒரு குரல், மீனவருக்கு ஒரு குரல், விடுதிச் சமையல்காரி கினுவேக்கு ஒரு குரல் என்று மாற்றி மாற்றி வாசிப்பாள். பக்கத்தில் இருந்து தாய் ஒவ்வொரு வரியையும் திருப்பிச் சொல்லுவார். "அப்பிடியில்லை அம்மா, நாக்கை உள்ளுக்கு எடுங்கோ" என்று எட்டு வயது ஆசிரியை அதட்டுவாள். பவளத்தின் நாக்கு உள்ளே போகவில்லை. 'ர' இன்றுவரை யாழ்ப்பாணத்து 'ர'தான்.

உச்சரிப்பு யாழ்ப்பாணத்தது, வசனங்கள் துப்பறிவாளருடையவை. குழாய் திருத்த வருபவரிடம், "கடைசியாக இதைத் தொட்டவர் யார்?" என்று கேட்பார். ஒருமுறை வெளிநாட்டவர் அலுவலகத்தில், அவருடைய விண்ணப்பம், அந்த 'அன்ட்ராக்', வந்து சேரவேயில்லை என்றார் அதிகாரி. பவளம் கதிரையை முன்னுக்கு இழுத்துப்போட்டு, தெளிவான ஜெர்மனில், "சரி. செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து தொடங்குவோம். தபால் யார் கையில் வந்தது?" என்றார். அதிகாரி எழுந்து உள்ளே போனார். பத்து நிமிடத்தில் அந்த விண்ணப்பத்தோடு வந்தார்.

விடுதிக் கதை பிறகு இரண்டு தடவை புதிதாக வெளிவந்தது. முதலில் கைபேசிக்கு வந்தது. எழுத்து சிறிது என்று திட்டித் திட்டியே பவளம் அதையும் முடித்தார். இந்த வருடம் வந்தது மூன்றாவது. படங்களைப் புதிதாக வரைந்திருந்தார்கள். முதன்முறையாக எல்லோருக்கும் ஜெர்மன் குரல் கொடுத்திருந்தார்கள். வெளிவந்த அன்று வேலை முடிந்து, சீருடைகூட மாற்றாமல் கடைக்குப் போய் வாங்கிவந்தார். சொல்லி மகிழ வீட்டில் மகள் இல்லை.

ஜெசிகாவோடு கதைத்து அப்போது மூன்றரை வருடம் ஆகியிருந்தது.

காப்புறுதி நிறுவனமொன்றில் செய்துகொண்டிருந்த அவுஸ்பில்டுங் தொழிற்பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டு, நடிப்புப் படிக்க ஹனோவருக்குப் போனவள் அவள். அதைக்கூடப் பவளம் ஒருவாறு விழுங்கிக்கொண்டார். விழுங்கமுடியாதது ஒரு காணொளி. கூட வேலை செய்யும் யோகம் அக்கா ஒருநாள் தேநீர் இடைவேளையில் கைபேசியை நீட்டி, "பவளம், இது உன்ர பிள்ளையெல்லே?" என்றார். சிறிய மேடை. கொண்டையும் கைப்பையுமாக ஜெசிகா. தாயின் ஜெர்மனில், தாயின் 'ர'வோடு, மருத்துவரிடம் தன் முழங்கால் வலியைப் பற்றிக் குறுக்குவிசாரணை செய்கிறாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. யோகம் அக்காவும் சிரித்தார். பிறகு பவளத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று மாலை தொலைபேசியில் நடந்தது நீண்ட சண்டையல்ல.

"என்ர கதையை வைச்சுச் சனத்தைச் சிரிக்க வைக்கிறியோ? இந்த ஜெர்மனை எனக்குச் சொல்லித் தந்தது ஆர்?"

"அம்மா, அது பகிடி. அன்பிலதான் செய்தனான்."

"அன்பெண்டால் எனக்கு முன்னால செய்திருப்பாய்."

வைத்த தொலைபேசியைப் பிறகு அவர் எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கும் பிறந்தநாளுக்கும் ஜெசிகா தகப்பனுக்கு மட்டும் செய்தி அனுப்புவாள். அவர் அதை வாசித்துவிட்டு, மனைவிக்குத் தெரியும்படி கைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போவார். பவளம் பார்க்கமாட்டார்.

வாங்கிவந்த மறுநாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, சோபாவின் மூலையில் கால்களை மடித்துக்கொண்டு பவளம் மூன்றாம் அத்தியாயத்தைத் தொடங்கினார். சமையல்காரி கினுவே முதன்முதலாக வரும் இடம் அது. வேறு தீவிலிருந்து பிழைக்க வந்தவள். பேச்சு வித்தியாசம் என்று ஊரே ஒதுக்கி வைத்திருக்கும் பெண். சமையலறைக் கதவு திறந்தது. கினுவே பேசினாள்.

"சூப் ஆறுகிறது, ஐயா. முதலில் சாப்பிடுங்கள். பிறகு கேளுங்கள்."

தான் வாசித்ததுதான் என்று முதலில் நினைத்தார் பவளம். வாய் மூடியிருந்தது.

ஒரு வரி பின்னுக்குப் போய் மறுபடியும் கேட்டார். அதே இழுப்பு. அதே 'ர'. வசன முடிவில், தனக்கே தெரியாமல் தான் விடும் அந்தச் சிறிய மூச்சுக்கூட இருந்தது. தன்னுடைய தொண்டையை யாரோ கழற்றி அந்தப் பெட்டிக்குள் வைத்தது போலிருந்தது. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்.

வேலையால் வந்த ஞானப்பிரகாசம் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் அதை அவர் காதில் பிடித்தார்.

"இது நீரெல்லே?" என்றார் அவர். "எப்ப போய் இதுக்குக் கதைச்சனீர்?"

"நானோ? வடிவாய்க் கேளுங்கோ."

அவர் இன்னொருமுறை கேட்டார். ஒரு சப்பாத்து காலில், ஒரு சப்பாத்து கையில். மெல்ல மெல்ல முகம் மாறியது. "ஐயோ, பிள்ளை" என்றார். அப்படியே நடைக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"முதல் மேடையில. இப்ப நாடு முழுக்க" என்றார் பவளம். கருவியை அணைத்து, துவாய்கள் அடுக்கியிருக்கும் அலுமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை, பூதக்கண்ணாடியின் கீழ் ஒரே கத்தரியை எத்தனை தடவை திருப்பினார் என்று அவருக்கே தெரியாது. அன்று மாலை, அவர் மூடிய தட்டு ஒன்று முதன்முறையாகத் திரும்பி வந்தது. ஓர் இடுக்கி குறைகிறதாம். மேற்பார்வையாளர் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவரையே பார்த்தார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தார். "எவ்வளவு தூரம் நக்கலடிச்சிருக்கிறாள் எண்டு பாப்பம். முழுக்கப் பாத்திட்டுத்தான் விடுவன்" என்று கணவரிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கிழமை ஒவ்வொரு மாலையும் இரண்டு அத்தியாயம் முடிந்தது. வாழ்க்கையில் முதன்முறையாகப் பவளம் வாய்திறந்து வாசிக்கவில்லை. கினுவே வாய்திறக்கும்போதெல்லாம் தோளைக் குறுக்கிக்கொண்டு, எங்கே சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசி அத்தியாயத்தில் ஊர் முழுவதும் விடுதிக் கூடத்தில் திரண்டு நிற்கும். உன் பேச்சே எங்களுக்கு விளங்காது, உன் சாட்சியை எப்படி நம்புவது என்று காவல் அதிகாரி கினுவேயைக் கேட்பார். அதற்கு அவள் சொல்லும் பதில் பவளத்துக்குப் பதினெட்டு வருடமாக மனப்பாடம். ஆனால் அதை இதுவரை அவர் எழுத்தாகத்தான் அறிந்திருந்தார்.

"நான் மெதுவாகப் பேசுகிறவள். பிழையாகவும் பேசுவேன். ஆனால் அன்று அந்தப் படகை நான் பார்த்தேன். நான் முடிக்கும்வரை எல்லோரும் இருங்கள்."

அவருடைய குரல். அவருடைய 'ர'. அவசரம் இல்லை, அழுகை இல்லை. கூடம் அடங்கிப்போயிருந்தது. கதிரையில் சாய்ந்துகொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். தன் பேச்சு இப்படியும் கேட்குமா? பவளம் திகைத்துப்போய் இருந்தார். அலுவலகங்களில், கடைகளில், மருத்துவமனைப் படிக்கட்டுகளில் இருபத்தொரு வருடமாகத் தான் பேசிவந்த ஜெர்மனை வெளியிலிருந்து அவர் கேட்டதேயில்லை. அது ஒரு முழு ஆளின் குரலாக இருந்தது.

பெயர்ப்பட்டியல் மேலே ஏறியது. கினுவே: ஜெசிகா ஞானப்பிரகாசம். பட்டியல் முடிந்து திரை கறுத்த பிறகும் அவர் எழும்பவில்லை. பிறகு, முடித்த அத்தியாயமொன்றுக்குத் திரும்பிப்போய், ஓர் இடத்தை மட்டும் நாலைந்து தடவை காதோடு வைத்துக் கேட்டார்.

"அவளின்ர விலாசம் உங்களிட்ட இருக்கோ?" என்றார் கணவரிடம்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்ட சேலையோடேயே ரயிலேறினார். நானும் வாறன் என்ற ஞானப்பிரகாசத்தை, "வேண்டாம். நான் ஒரு விசயம் கேக்கப் போறன்" என்று நிறுத்திவிட்டார். முன்கூட்டிச் சொல்லவுமில்லை. ஹனோவரில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், நாலாம் மாடி, மின்தூக்கி கிடையாது. முழங்கால் வலிக்க வலிக்க ஏறி மணியை அடித்தார்.

கதவைத் திறந்த ஜெசிகாவின் முகம் வெளிறிப்போயிற்று. கையிலிருந்த தேநீர்க் கோப்பை சரிந்து காலில் கொட்டியது. அவளுக்கு அது தெரியவில்லை.

"அம்மா... அப்பாவுக்கு என்ன? அப்பாவுக்கு ஏதும்..."

"அப்பாவுக்கு ஒண்டுமில்லை. நல்லாய் இருக்கிறார்."

"பிறகு... நீங்கள் அதைக் கேட்டிட்டீங்கள்." அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். "பதிவு பண்ணின ஆக்கள் வேற மாதிரித்தான் கேட்டவை, அம்மா. கினுவே இப்பிடித்தான் கதைப்பா எண்டு நான்தான் நிண்டு பிடிச்சனான். உங்களிட்டச் சொல்லப் பயமாயிருந்தது. என்னை மன்னி..."

"எட்டாம் அத்தியாயம்" என்று இடைமறித்தார் பவளம். மூச்சு இன்னும் வாங்கிக்கொண்டிருந்தது. "கினுவே சமையலறைக் கதவைப் பூட்டுற இடம். அண்டைக்கு உனக்குத் தடிமன், மூக்கு அடைச்சிருந்தது."

ஜெசிகா கதவு நிலையிலிருந்து கையை எடுத்தாள். "ஓம்" என்றாள். "காய்ச்சலும். பதிவு பண்ணின ஒருத்தருக்கும் தெரியேல்லை. ஆரும் கண்டுபிடிக்கேல்லை."

பவளம் கைப்பையை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையின் புறத்தை மகளின் கழுத்தில் வைத்து, காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தார்.