மூன்று சென்டிமீட்டர் முடி

ஓசூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு, நைட் ஷிப்ட் ஆட்களின் மன அழுத்தத்தை அளக்க, பெங்களூரிலிருந்து ஒரு ஆராய்ச்சிக்காரப் பெண் வரப்போவதாகச் சொன்னார்கள். எதை வைத்து அளப்பாள் என்று யாரும் சொல்லித் தொலைக்கவில்லை. எங்களுக்கோ வெளியாள் வந்தாலே ஆடிட்தான். ஆடிட் என்றால் முடிவெட்டு, சவரம், தேய்த்த யூனிபார்ம்.

"பரட்டைத் தலையோட போய் மானத்தை வாங்காதீங்க" என்று என் மனைவி விரட்டினாள். ஞாயிற்றுக்கிழமை ஜூஜுவாடி சலூனுக்குப் போனால், எங்கள் லைன் ஆட்கள் மொத்தமும் அங்கேதான் இருந்தார்கள்.

மறுநாள் கத்தரிக்கோலோடு வந்த அந்தப் பெண் எங்கள் தலைகளைப் பார்த்துத் திகைத்துவிட்டாள். மன அழுத்தத்தில் சுரக்கும் ஹார்மோன் முடியில் தங்குமாம். மூன்று மாத அழுத்தத்தைப் பார்க்க, பின்மண்டையில் மூன்று சென்டிமீட்டர் முடி வேண்டுமாம். எங்களிடம் ஒன்றுகூடத் தேறவில்லை.

வீட்டுக்கு வந்து எரிந்து விழுந்தேன். "உன்னாலதான் என் மூணு மாசக் கஷ்டமும் சலூன் குப்பையில கிடக்கு."

காபி ஆற்றிக்கொண்டிருந்தவள் டம்ளரை வைத்துவிட்டு, இடுப்பைத் தாண்டிய பின்னலை முன்னால் எடுத்துப் போட்டாள்.

"இதை வெட்டிக்கச் சொல்லுங்க. நீங்க நைட் ஷிப்ட் போனப்பல்லாம், கம்பெனி பஸ் வர்ற வரைக்கும் முழிச்சிக் கிடந்தது நான்தானே."