சோறுதான் என்றாள் அம்மா

இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று யார் கேட்டாலும், சேவை செய்யத்தான் என்று சொல்லி வைக்கிறேன். பச்சைப் பொய். என்னை இழுத்து வந்தது கோபம். கை விளங்காமல் போனவர்களை மறுபடி தாமே சாப்பிட, சட்டை போட, குளிக்கப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. அப்படி ஒரு படிப்பு இருப்பதே, அப்பாவுக்கு வாதம் வந்து வலது கை விழுந்தபோதுதான் எனக்குத் தெரியும்.

மலையிலிருந்து இறக்கிக் கீழே ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், தெரபி பார்த்த பெண் அம்மாவிடம், வீட்டில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டிருக்கிறாள். சோறுதான் என்றாள் அம்மா. அதனால் தடித்த பிடி வைத்த கரண்டியை இடது கையில் கொடுத்து, சோறு தின்னவே அவரைப் பழக்கினாள். ஒரு பருக்கை சிந்தாமல் சாப்பிட்ட அன்று அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நிம்மதியில் நான் பள்ளி ஹாஸ்டலுக்குத் திரும்பினேன்.

வீட்டில் ரேஷன் அரிசி இருந்தாலும் அப்பாவுக்குக் கேழ்வரகுக் களிதான் வேண்டும். சோறு தின்றால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது அவருக்கு. களியை எப்படிச் சமாளிக்கிறார் என்று ஒவ்வொரு வாரமும் போனில் கேட்பேன்.

"நானேதான் துன்றேன்மா. நீ படி" என்பார்.

பொங்கல் லீவுக்குச் சொல்லாமல் கிளம்பினேன். மலைமேல் ஜமுனாமரத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, நடந்தே வீட்டுக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அம்மா களியைப் பிட்டு, உருட்டி, கீரைக் குழம்பில் தோய்த்து அப்பாவின் வாயருகே கொண்டுபோனாள். என்னைப் பார்த்ததும் அப்பா வாயை மூடிக்கொண்டார். களி அம்மாவின் விரல்களிலேயே நின்றது.

"போன்ல இன்னாப்பா சொன்ன?" என்று கத்தினேன். அப்பா சுவரைப் பார்த்தார்.

அம்மாதான் பேசினாள். "களி கரண்டில அப்பிக்குது. பீச்சாங்கையால பிட்டுத் துன்ன மாட்டேன்றாரு. நான் இன்னா பண்ணட்டும்?"

"அந்தத் தெரபி அம்மாகிட்டயே கேட்டிருக்கலாமில்ல?"

"களின்னு சொல்ல வெக்கமா இருந்துச்சி. சோறுன்னு சொல்ட்டேன்."

அந்த வெட்கத்தையாவது மன்னித்திருப்பேன். இரண்டு பேரும் கூட்டுச் சேர்ந்து வாராவாரம் என் காதில் பூ சுற்றியதுதான் ஆறவில்லை. ஊரார் ஏமாற்றியிருந்தால் தாங்கியிருப்பேன். அடுத்த வருடம், யாரையும் கேட்காமல் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

களி தின்னவும் பழக்க வழி உண்டு என்று நான் கற்றுக்கொள்வதற்குள் அப்பா போய்விட்டார். கடைசிவரை அம்மா கைதான் ஊட்டியது.

இப்போது என்னிடம் வருபவர்களிடம் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்பதே இல்லை. வீட்டில் ஆக்கியதைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துவரச் சொல்கிறேன்.

"அவங்கப்பாவப் பாத்துதாங்க எம்பொண்ணு இந்தப் படிப்பு படிச்சா" என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமை பேசுகிறாள்.

உண்மைதான். என்னைக் கண்டதும் அவர் வாயை மூடிக்கொண்டாரே, அதைப் பார்த்துத்தான்.