‘தாவரம்’ என்று சொல்லாத சார்

ஜவ்வாது மலையில் நான் வேலை பார்த்த பள்ளியில் எட்டாம் வகுப்புக்கும் ஒன்பதாம் வகுப்புக்கும் நடுவே பாதிச் சுவர்தான் இருந்தது. நான் இந்தப் பக்கம் செய்யுள் நடத்தும்போது அந்தப் பக்கம் அறிவியல் சாரின் தலை சுவருக்கு மேலே போவதும் வருவதுமாக இருக்கும். ஓரிடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். கையில் சுண்ணக்கட்டியை உருட்டிக்கொண்டே நடப்பார். பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதக் கொடுத்துவிட்டு என் பாடத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஒருநாள் மோனை நடத்தினேன். ‘மலைமேல் மஞ்சு, மரமெல்லாம் மௌனம்’ என்று நானே ஒரு வரி கட்டிக் கரும்பலகையில் எழுதி, ஒவ்வொரு சொல்லும் ‘ம’ வரிசையில் தொடங்குவதைக் கோடிட்டுக் காட்டினேன். ஒரே ஓசை திரும்பி வருவதால் வரிக்கு அழகு கூடுகிறது என்றேன். மணி அடித்ததும் அவர் சுவரோரம் வந்தார்.

“உங்க பாட்டுல ஒரே எழுத்து மறுபடி மறுபடி வந்தா அழகுன்றீங்க. என் வாய்ல வந்தா மட்டும் இன்னாத்துக்கு எல்லாரும் சிரிக்கிறாங்க, டீச்சர்?”

கோபமாகக் கேட்கவில்லை. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. நடந்துவிட்டார். எனக்குத்தான் அன்று முழுக்க இருப்புக்கொள்ளவில்லை.

அவருக்குத் திக்குவாய். எல்லா எழுத்திலும் இல்லை; ‘த’ வரிசையில்தான் நாக்கு மாட்டிக்கொள்ளும். அதனால் அந்த எழுத்தில் தொடங்கும் சொற்களைக் கண்டால் ஒதுங்கிப் போகப் பழகியிருந்தார். தண்ணீர் வேண்டுமென்றால் ‘குடிக்க ஏதாச்சும்’ என்பார். திருப்பத்தூர்க்காரர், ஆனால் எந்த ஊர் என்று கேட்டால் ‘கீழ’ என்று கையைக் காட்டுவார். படித்தது தாவரவியல். வகுப்பில் அந்தச் சொல்லை ஒருமுறைகூட அவர் சொல்லிக் கேட்டதில்லை. ‘செடி கொடி மரம்’ என்று மூன்றையும் அடுக்கிச் சொல்வார். பிள்ளைகள் விடைத்தாளிலும் அப்படியே எழுதிவைத்தார்கள். ஒரு சொல் வருவதற்கு முன்பே அதைக் கண்டுகொண்டு, மாற்றுச் சொல் தேடி, வாக்கியத்தையே திருப்ப வேண்டும். நாள் முழுக்க இந்த வேலை ஓடிக்கொண்டிருக்கும் மனிதரால் எப்படி ஓரிடத்தில் நிற்க முடியும்?

அவருடைய மகளின் பெயர் தாமரை. பெயர் வைத்தது மாமனார். வேண்டாம் என்று சொல்ல இவருக்கு மனமிருந்தது. ஏன் வேண்டாம் என்று சபையில் சொல்லக் கூச்சம். பெயர் சூட்டும்போது குழந்தையின் காதில் அப்பா சொல்ல வேண்டிய பெயரை அத்தைதான் சொன்னாராம். வீட்டில் அவளை ‘பாப்பா’ என்று கூப்பிடுவார். பாப்பா இரண்டாம் வகுப்புக்கு வந்த பிறகும் அதே பாப்பாதான். பள்ளிக்குப் பக்கத்திலேயே அவர்களுக்கும் எனக்கும் குடியிருப்பு. அந்த வருடம் அவர் மனைவி இரண்டாம் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தார். மாலையில் தாமரை பெரும்பாலும் என் வீட்டில்தான் இருப்பாள்.

புளி காய்க்கும் பருவம். ஒரு மதியம், குடியிருப்புக்குப் பின்னால் இருந்த புளியமரத்திலிருந்து அவள் விழுந்துவிட்டாள் என்று பிள்ளைகள் ஓடிவந்து சொன்னார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கண் பாதி திறந்திருந்தது, பார்வை எங்கேயும் நிற்கவில்லை. காதுக்குப் பின்னால் வீங்கியிருந்தது. வலது கை மட்டும் எதையோ இறுகப் பிடித்திருந்தது. துணை சுகாதார நிலையத்து நர்சம்மா வந்து, துண்டைச் சுருட்டிக் கழுத்துக்கு அணைகொடுத்து, உடனே கீழே கொண்டுபோக வேண்டும் என்றார். ஆம்புலன்ஸ் மலையேறி வரும்வரை காத்திருக்க முடியாது. சாமை மூட்டை ஏற்ற வந்திருந்த ஜீப்காரர் மூட்டைகளை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றிக்கொண்டார்.

பின்பக்கம் சார் மடியில் குழந்தையின் தலை. கால்களை நான் பிடித்துக்கொண்டேன். நர்சம்மா நடுவில் மண்டியிட்டு நாடி பார்த்துக்கொண்டே வந்தார். தூங்க விடக்கூடாது, பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதால் சார் “பாப்பா, பாப்பா” என்று கூப்பிட்டபடி வந்தார். அவளிடம் அசைவில்லை. நானும் கூப்பிட்டேன். கண் மூடிக்கொண்டே போயிற்று.

நர்சம்மா பொறுமை இழந்தார். “பாப்பான்னா ஊர்ல இருக்கிற புள்ள எல்லாம் பாப்பாதான். பேரச் சொல்லிக் கூப்பிடுங்க சார். பெத்தவரு கூப்பிட்டா கேக்கும்.”

ஜீப் வளைவுக்கு வளைவு சாய்ந்துகொண்டிருந்தது. சார் என்னைப் பார்த்தார். நான் வேண்டுமானால் சொல்கிறேன் என்பதுபோல் வாயெடுத்தேன். அதற்குள் அவர் குனிந்துவிட்டார்.

“தா…” என்றார். நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. “தா… தா…” அடுத்த எழுத்து வரவில்லை. ஒதுங்கிப் போக இந்த முறை வேறு சொல் இல்லை. வளைவு திரும்பியது. “தா… தா… தா…” அவர் கண்ணில் நீர் வழிந்து குழந்தையின் நெற்றியில் விழுந்தது. நிறுத்தவில்லை. வண்டியின் குலுக்கலோடு அந்த ஒற்றை எழுத்து ஒரு தாளம்போல விழுந்துகொண்டே இருந்தது. கேட்கக் கேட்க எனக்குள் ஏதோ மாறியது. முதலில் அது ஒரு பெயரின் உடைந்த துண்டாகத்தான் காதில் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் பெயர் மறந்துபோயிற்று. ஒரு மனிதர் மலையிடமோ யாரிடமோ, தா, தா என்று கேட்டுக்கொண்டே வருகிறார் என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் குழந்தையின் வலது கை அசைந்தது. மெல்ல எழுந்து, தடுமாறி, அப்பாவின் சட்டைமேல் வந்து நின்றது. விரல்கள் பிரிந்தன. உள்ளே நசுங்கிப்போன ஒரு புளியங்காய். “இந்தாப்பா” என்றாள். குரல் காற்றைப்போல இருந்தது.

நர்சம்மா கையைக் கூப்பிவிட்டார். “காது கேட்டுடுச்சு. நீங்க நிறுத்தாதீங்க சார்.”

அவர் நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை ‘தா’தான். ஒருமுறைகூட முழுப்பெயர் வரவில்லை. அவரும் அதற்காக அவசரப்பட்டதாகத் தெரியவில்லை.

தலைக்குள் ரத்தம் கசியவில்லை என்று டாக்டர் சொன்னார். சில நாள் படுக்கையில் வைத்து அனுப்பினார்கள். பள்ளி திரும்பிய பிறகு ஒரு மதியம் சார் மறுபடி சுவரோரம் வந்து நின்றார். சட்டைப் பையில் கையை விடுவதும் எடுப்பதுமாக இருந்தார். பிறகு, “அன்னைக்கு நான் சொன்னது அடுக்குத்தொடரா, இரட்டைக்கிளவியா? இல்ல, வெறும் வாய்க்கோளாறா? நீங்கதான் சொல்லணும் டீச்சர்” என்றார்.

பிரித்தால் பொருள் தராதது இரட்டைக்கிளவி. பிரித்தாலும் பொருள் தருவது அடுக்குத்தொடர். விரைவிலும் அச்சத்திலும் துன்பத்திலும் சொல் அடுக்கி வரும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் அவர் எந்தச் சொல்லையும் அடுக்கவில்லை. ஒரு சொல்லைத் தொடங்கினார், அவ்வளவுதான். அதைச் சொல்லாக்கியது கேட்டவளின் காது. வாயிலிருந்து வெறும் ஓசையாகக் கிளம்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் வேண்டுதலாகிவிட்டது. இதை எந்த இயலில் வைத்து நடத்துவது?

அன்றிலிருந்து செய்யுள் வகுப்பில் எனக்கு நிம்மதி போயிற்று. இப்போது மாற்றலாகி மலையடிவாரத்தில், கணியம்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் இருக்கிறேன். திரும்பி வரும் ஓசை அழகுக்காக என்று எழுதிவிட்டு உட்கார முடிவதில்லை. முதல்முறை வரும் ஓசையை நாம் வெறுமனே கேட்கிறோம். இரண்டாம் முறை அது நம்மைத் திரும்பிப் பார்க்க வைக்கிறது. அதற்கும் மேல் வந்தால் நம்மிடம் ஏதோ கேட்கிறது, கொடுக்கும்வரை விடுவதில்லை. ஒப்பாரியில் ஒரே விளி ஏன் ஓயாமல் வருகிறது, தாலாட்டில் பொருளே இல்லாத ஓசை ஏன் வேண்டியிருக்கிறது என்று பேசிக்கொண்டே வகுப்பறையில் குறுக்கும் நெடுக்குமாக நடக்கிறேன். ‘டீச்சர், பரீட்சைக்கு இன்னா எழுதணும்?’ என்று கடைசியில் ஒரு பெண் கேட்பாள். புத்தகத்தில் இருப்பதை எழுது என்பேன். சொன்ன பிறகு மனம் கிடந்து அடித்துக்கொள்ளும்.

போன மாதம் தாமரை என்னைப் பார்க்க வந்தாள். வேலூரில் கல்லூரியில் படிக்கிறாள். அன்று ஜீப்பில் நடந்தது அப்பா வாயால் வரவில்லையாம், என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவளுக்கு மரமும் விழுந்ததும் நினைவில்லை. யாரோ எதையோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள், தன்னிடம் இருப்பதைக் கொடுத்துவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது, என்றாள்.

அவளைப் பேருந்து ஏற்றிவிடப் போனபோது, அப்பா இப்போது எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டேன். பாப்பா என்பதை அந்த விபத்தோடு விட்டுவிட்டாராம். கடைத்தெருவானாலும் கல்யாண வீடானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்களாம்.

“முழுசா வருதா?” என்றேன்.

பேருந்து வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தபடி சொன்னாள்: “தெரியாது டீச்சர். அவரு சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் பக்கத்துல போய்டுவேன்.”