குடிக்கச் சொன்ன தண்ணீர்

முதலில் குளிர்தான் வந்தது. ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு மதியம், இரண்டு போர்வைக்குள்ளும் எனக்குப் பல் கிட்டிக்கொண்டது. இடுப்பில் ஒரு பக்கம் தொட முடியாத வலி. மலேரியாவாக இருக்கும் என்று கணவர் ஆரோக்கியம் கசாயம் வைத்துக் கொடுத்தார். நான் தொடவில்லை. குடித்தால் ஒன்றுக்குப் போக வேண்டும். போக எங்கள் வீட்டில் வழியில்லை.

திருவொற்றியூரில் கடலை ஒட்டிய தெருக்களில், தரைத்தளத்தில் குடியிருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். மழைக்காலத்தில் இங்கே ஒரு முழம் தோண்டினாலே தண்ணீர். அது செப்டிக் டேங்குக்குள் கசிந்து அதை நிரப்பிவிடும். லாரி வந்து உறிஞ்சிவிட்டுப் போனாலும் மறுநாளே பழையபடி நிற்கும். கக்கூஸில் ஊற்றும் தண்ணீர் உள்ளே போகாது, மேலே ஏறி வரும். அதனால் அந்த மாதங்களில் எங்கள் தெருப் பெண்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவோம். ஆண்களுக்கென்ன, வேலைக்குப் போன இடத்தில் முடித்துக்கொள்வார்கள். லாரி வந்த அன்றுதான் எங்களுக்குப் பண்டிகை. மோர், ரசம், ஆளுக்கொரு சொம்பு தண்ணீர், தலைக்குக் குளியல் எல்லாம் அன்றைக்குத்தான்.

மருத்துவமனையில் பைலோநெஃப்ரைட்டிஸ் (சிறுநீரகம் வரை ஏறிவிட்ட கிருமித்தொற்று) என்றார்கள். ஸ்கேனில் இன்னொன்றும் தெரிந்தது. என் வலது சிறுநீரகம் எப்போதோ சுருங்கிப்போயிருந்தது. இத்தனை நாளும் இடதுதான் தனியாக உழைத்திருக்கிறது. தொற்று வந்தது அதில்தான்.

"ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"மழைக்காலத்துலயா, வெயில்காலத்துலயா டாக்டர்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"இருக்கறது ஒண்ணுதாம்மா. மூணு லிட்டர் குடிக்கணும், அடக்கவே கூடாது. இதுவும் போச்சுன்னா டயாலிசிஸ் (ரத்தத்தை எந்திரத்தில் சுத்தம் செய்வது) தான்."

"குடிச்சிட்டு எங்க போறது டாக்டர்?"

அதற்கு அவரிடம் மாத்திரை இல்லை. அவர்தான் என்ன செய்வார், பாவம்!

வார்டில் எல்லோரும் அந்தக் கக்கூஸைக் கரித்துக்கொட்டினார்கள். எனக்கு அது சொர்க்கம். ஊற்றினால் போயிற்று.

வீட்டுக்கு வந்த அன்று மறுபடியும் மழை. சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து மாடிவீட்டு மும்தாஜ் இறங்கி வந்தாள்.

"இன்னாக்கா யோசிச்சுகினு கீற? எங்க வூட்டுக்கு வா. மேல நல்லாத்தான் போய்கினு கீது."

ஆசை தீரக் குடித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். முடித்துவிட்டு ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். உடம்பு அவ்வளவு லேசாக இருந்தது. கீழே வந்தால், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு துடைப்பத்தோடு நிற்கிறார் ஆரோக்கியம்.

"இன்னாமே, நீ எறங்கி வர்றதுக்குள்ள இது வந்துட்சே!"

மாடிக்கும் எங்களுக்கும் டேங்க் ஒன்றுதான். மேலே ஊற்றுவது எங்கள் வீட்டில்தான் பொங்கும். தெரிந்ததுதான், ஆனால் நோயில் புத்தி வேலை செய்யவில்லை. முதலில் சிரித்தேன். பிறகு அழுதேன், நிறுத்த முடியவில்லை.

வேறு வீடு பார்க்கலாமே என்பீர்கள். எங்களுக்குக் கட்டுப்படியாகிற வீடெல்லாம் இதே தண்ணீரில்தான் நிற்கின்றன.

விஷயம் தெரிந்து மும்தாஜ் மறுபடியும் வந்தாள். "நீ குடிக்கா. மேல நாங்க கம்மி பண்ணிக்கிறோம். ரெண்டு பேரும் ஊத்துனாதானே பொங்குது?"

"வேணாம்டி. என்னைப் பாத்தும் புத்தி வரலியா?"

"நோம்புல பகல் பூரா பச்சத்தண்ணி பல்லுல படாம கீறோம். இதுவா பேஜாரு?"

இன்னும் அழுத்தி மறுத்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் ரத்தத்தில் தங்கிய கழிவின் அளவு) இறங்கியிருக்கிறது. 'நல்லா குடிக்கிறீங்க' என்று டாக்டர் மெச்சினார். எனக்குத் தாகம் என்பதே மறந்துவிட்டது. மாடியில் தண்ணீர் ஊற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே பொழுது போகிறது. காலையில் ஒருமுறை கேட்கும். அப்புறம் இருட்டும் வரை சத்தமே இருக்காது. அந்த நேரத்தில்தான் நான் குடிக்கிறேன்.

நேற்று மும்தாஜ் படியில் உட்கார்ந்து இடுப்பை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி?"

"ஒண்ணுமில்லக்கா, துணி தொவச்சது."

உள்ளே வந்து அடுத்த சொம்பையும் குடித்தேன்.