தோற்றது நான்தான்

ஒரு சட்டைக்கு மூன்று நிமிடம். சுவர்க் கடிகாரத்தின் ஓடுகிற முள்ளைப் பார்த்துக்கொண்டே ரவுண்டு மாமா காலரில் ஆரம்பிப்பார். தோள், கை, முன்பக்கம், முதுகு என்று பெட்டி ஊர்ந்து போகும். மூன்றாவது நிமிடம் முடிகிற இடத்தில் இஸ்திரிப் பெட்டி நிமிர்ந்து நிற்கும், சட்டை மடிந்து கிடக்கும். அடுத்து சரியாக ஒரு நிமிடம் சுவரில் சாய்ந்து, இரண்டு கைகளையும் தொங்கவிட்டு, வாயால் மூச்சு விடுவார். அந்த ஒரு நிமிடத்தில் கடை தீப்பற்றுகிறது என்று சொன்னாலும் “மணி அடிக்கட்டும்” என்பார்.

ரவுண்டு என்றதும் தொப்பையை நினைத்துவிட வேண்டாம். மாமா விளக்குக் கம்பத்துக்கு ஒன்றுவிட்ட தம்பி. அறுபத்து மூன்று வயதாகிறது. மூக்கு இரண்டு முறை திசை மாறி, எந்தப் பக்கம் போவது என்று முடிவெடுக்காமலே நடுவில் நின்றுவிட்டது. இடது காது கசக்கிப் போட்ட கைக்குட்டை மாதிரி இருக்கும். எல்லாச் சுருக்கத்தையும் எடுக்கிற மனிதரால் அந்த ஒரு சுருக்கத்தை எடுக்க முடியவில்லை. “இன்னும் ஒரு ரவுண்டு இருக்கு” என்பது அவருடைய பதில். துணி ஆச்சா என்று கேட்டாலும் அதுதான், சாப்பிட்டாச்சா என்று கேட்டாலும் அதுதான். பெயர் வந்தது அப்படி.

கடைக்குள் நடப்பதற்கு நேர்வழி உண்டு. அவர் அதில் போகமாட்டார். கொடியில் தொங்கும் சட்டைகளுக்கு நடுவே தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு சட்டைக் கைகூட மேலே படாமல் நழுவி வருவார். முரட்டுச் சுருக்கம் ஒன்று மாட்டினால் அதனுடன் பேச்சு. “வாடா, உள்ள வா. ஓடாத. ஓடினா பாயிண்ட் போயிடும்.” இடது கையால் தேய்ப்பவர் என்பதால் மற்ற கடைகளில் வலதுபக்கம் விழும் மடிப்பு இவரிடம் இடதுபக்கம் விழும். யார் சட்டை இங்கே தேய்த்தது என்று தெருவில் பார்த்தே சொல்லிவிடலாம்.

ஒருநாள் யாரோ ஒரு விஷமி கடைக்குப் பின்னால் நின்று சைக்கிள் மணியை ஓங்கி ஒரு அடி அடித்தான். விஷமியின் பெயர் இங்கே தேவையில்லை. பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மாமா ஊசியோடு எழுந்து, தாடையைத் தாழ்த்தி, இரண்டு முஷ்டியையும் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து நின்றார். எதிரே ஒரு வாடிக்கையாளர் தலையணை உறையோடு நின்றுகொண்டிருந்தார். சிரிக்க வேண்டும் என்று செய்த காரியம்தான். ஆனால் அந்தக் கைகள் நின்ற நிலையைப் பார்த்தபின் விஷமிக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு அவன் தன் விஷமத்தை வேறு கடைகளுக்கு மாற்றிக்கொண்டான்.

மாமாவின் மனைவியை முறைப்படி அத்தை என்றுதான் கூப்பிட வேண்டும். ஒருமுறை அப்படிக் கூப்பிட்டவனின் சட்டை ஒரு வாரம் திரும்பி வரவில்லை. அதனால் ஊருக்கே அவர் அக்கா. மடிப்பது, அடுக்குவது, யார் துணி எது என்று ஞாபகம் வைப்பது எல்லாம் அவர். சீட்டு கிடையாது, குறி கிடையாது. முகத்தைப் பார்த்ததும் மூட்டையை எடுத்து நீட்டுவார். அந்த ஞாபகசக்திக்கு ஒரு குறை உண்டு. எதையும் மறக்காது என்பதே அந்தக் குறை.

நான்கு மணிக்கு எதிர்க்கடையிலிருந்து சட்டக்காரர் வருவார். சட்டம் போடுகிறவர் என்றால் மந்திரி இல்லை, படத்துக்குச் சட்டம் போடுகிறவர். மாமாவின் வயதுதான், ஆனால் இரண்டு பங்கு அகலம். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் சங்கக் கோப்பைக் குத்துச்சண்டை இறுதிப் போட்டியில் இவர்கள் இருவரும்தான் மோதினார்கள். ஐந்து நடுவர்கள். ஒவ்வொரு நடுவரும் யாருக்குப் போட்டார் என்று பெயர் சொல்லி வாசித்தார்கள். இரண்டுக்கு இரண்டு வரை வந்து, ஐந்தாவது நடுவரின் சீட்டில் சட்டக்காரர் ஜெயித்தார். கோப்பையோடு மின்சார அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. ஓய்வு பெற்று வந்து எதிரே கடை போட்டிருக்கிறார். மாமாவுக்குக் கிடைத்தது இந்த இஸ்திரிப் பெட்டி.

டீ வந்ததும் சண்டை ஆரம்பமாகும். புதிதாகக் கேட்பவர்களுக்குத் தலை சுற்றும். ஏனென்றால் இது தலைகீழ்ச் சண்டை. ஜெயித்தவர், “நீதான்டா ஜெயிச்ச” என்பார். தோற்றவர், “போடா, தோத்தது நான்தான்” என்று மேசையைத் தட்டுவார்.

“மூணாவது ரவுண்டுல எனக்குக் காலே இல்ல. நீ வயித்துல வெச்ச மூணும் சுத்தம்.”

“அதுல ரெண்டு உன் முழங்கைல பட்டுச்சுடா. எனக்குத் தெரியாதா? கை என்னோடது.”

“வயிறு என்னோடது.”

சட்டக்காரர் தம் கடையில் மாட்டியிருக்கும் கறுப்பு வெள்ளைப் படத்தைச் சாட்சிக்கு இழுப்பார். அதில் ரெஃபரி அவர் கையைத் தூக்கிப் பிடித்திருக்கிறார். ஜெயித்தவனின் முகம் அது இல்லை, தப்பான பஸ்ஸில் ஏறிவிட்டவனின் முகம் என்பது அவர் கட்சி. அக்காவும் அவர் பக்கம்தான். கட்டிய புருஷன் தோற்றேன் என்கிறார், மனைவி எதிராளியோடு சேர்ந்துகொண்டு ஜெயித்தாய் என்கிறார். முடிவில் அக்காவின் சாபம் ஐந்தாவது நடுவர் மேல் போய் விழும். “அந்த ஆளு எங்க இருந்தாலும் அவன் துணி சுருங்கியே கெடக்கட்டும்.” சாபத்தைக் கேட்டதும் மாமா தேய்த்த சட்டையையே எடுத்து மறுபடி தேய்ப்பார்.

தோற்றேன் என்று ஒரு மனிதர் ஏன் இப்படி வாதாட வேண்டும்? அந்தப் படத்தில் இரண்டு பேர் பனியனும் ஒரே சாம்பல் நிறமாக இருக்கிறதே, யார் சிவப்பு, யார் நீலம் என்று நான் ஒருநாள் விளையாட்டாகக் கேட்டுவைத்தேன். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். மாமா வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

கல்யாணமாகி நான்கு மாதம். அக்கா அதுவரை குத்துச்சண்டை பார்த்ததில்லை. இரண்டு பேரில் எது தன் புருஷன் என்று பின்வரிசையிலிருந்து எப்படிக் கண்டுபிடிப்பது என்று பயந்தார். மாமா முந்தின நாளே சொல்லிவைத்தார்: நான் சிவப்புப் பனியன், அதை மட்டும் பார். மறுநாள் சீட்டுக் குலுக்கியதில் மாமாவுக்கு விழுந்தது நீல மூலை. பின்வரிசைக்கு ஓடிப்போய்ச் சொல்ல நேரமில்லை. உடை மாற்றும் அறையில் எதிராளியிடமே போய்க் கேட்டார். எதிராளி காரணத்தைக் கேட்டுவிட்டு, மறுபேச்சில்லாமல் தம் சிவப்புப் பனியனைக் கழற்றி நீட்டினார். ரிங்கில் ரெஃபரி பார்த்துவிட்டார். மாற்றிக்கொண்டிருக்க நேரமில்லை, பனியனைப் பார்க்காதீர்கள், மூலைதான் கணக்கு என்று நடுவர்களைப் பார்த்துச் சொன்னார்.

“நாலு பேரு தலையாட்டினாங்க” என்றார் மாமா. “அஞ்சாவது ஆளு குனிஞ்சு பென்சில் சீவிக்கிட்டிருந்தாரு.”

பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“நான் ஜெயிச்சேன்னு வையி. அப்ப என்னைத் தோக்கடிச்சது எது? அந்தப் பனியன். பனியன் யாருக்காக? அவ இத்தனை வருஷமா நடுவரைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருக்கா. அப்புறம் யாரைத் திட்டுவா? அதான் சொல்றேன், தோத்தது நான்தான். சுத்தமா தோத்தேன். வெளிய சொன்ன, காதுல இஸ்திரி போட்டுடுவேன்.”

இதை இப்போது எழுதுவதால் என் காதுக்கு ஆபத்தில்லை. போன வாரம் நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

மூன்றரை மணிக்கு ஒரு பெரியவர் பயணப் பெட்டியில் மடங்கிக் கசங்கிய கோட்டோடு வந்தார். வயது எண்பதுக்கு மேல். மாலையில் ஒரு விழா, நின்று வாங்கிப் போகிறேன் என்றார். முன்னால் வந்த துணி முடிந்து கோட்டுக்கு முறை வந்தபோது நான்கு மணியாகிவிட்டது. சட்டக்காரர் வந்தார், டீ வந்தது, வழக்கம்போல ஆரம்பித்தது. முழங்கை, வயிறு, மூன்றாவது ரவுண்டு. பெரியவர் ஒரு காதைத் திருப்பிவைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு எந்த வருடம் என்று விசாரித்தார். எந்த மண்டபம் என்றும் விசாரித்தார்.

“அஞ்சாவது நாற்காலில உக்காந்திருந்தது நான்தான்” என்றார்.

சட்டக்காரரின் டீ சட்டையில் சிந்தியது. அக்கா மடித்துக்கொண்டிருந்ததைக் கீழே வைக்கவில்லை.

“வாங்க ஐயா. முப்பத்தெட்டு வருஷமா உங்களைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்.”

பெரியவருக்குக் கோபம் வரவில்லை. ஏன் என்று மட்டும் கேட்டார். அதைத்தான் நானும் கேட்கிறேன், எங்கள் வீட்டுக்காரருக்கு ஏன் போடவில்லை என்றார் அக்கா. பெரியவர் மாமாவையும் சட்டக்காரரையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு முகமும் காலம் போட்ட குத்தில் அடையாளம் தெரியாமல் போயிருந்தன.

“முகம் ஞாபகம் இல்லம்மா. பனியன் ஞாபகம் இருக்கு. நான் சிவப்புக்குத்தான் போட்டேன். அந்தப் பையனுக்கு இருந்த மாதிரி ஒரு இடது கைய அதுக்கப்புறம் நான் பாக்கவே இல்ல. சீட்டுல சிவப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு ரயிலுக்கு ஓடிட்டேன்.”

முப்பத்தெட்டு வருடம் காத்திருந்தால்கூட கிடைக்காத வார்த்தை. அதைக் கேட்ட இடது கை அவசர அவசரமாகக் கோட்டை உதறியது. “கோட்டு ஆச்சுங்க ஐயா, விழாவுக்கு நேரமாகுது” என்றார் மாமா. கோட்டின் ஒரு கைதான் தேய்த்து முடிந்திருந்தது. நிமிடக் கணக்குப் பிசகாத மனிதர் ஒரு நிமிடம்கூட முடியாமல் துணியை நீட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

“சிவப்பு இவருதான்” என்றார் அக்கா.

பெரியவர் கோட்டில் ஒரு கையை நுழைத்தவர் அப்படியே நின்றார். சீட்டில் சிவப்பு என்றால் சிவப்பு மூலை என்றுதான் கணக்கு, இவர் சிவப்பு மூலை என்றால் கோப்பை இவருக்குத்தானே போயிருக்க வேண்டும் என்று தமக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். மெதுவாக அவருக்கு விளங்கிக்கொண்டு வந்தது.

“பனியனை மாத்தினீங்களா?”

அக்கா மாமாவின் பக்கம் திரும்பினார்.

“யாருங்க மாத்தினது?”

மாமாவின் உதடு அசைந்தது. அதற்குள் சட்டக்காரர் முன்னால் வந்து நின்றார்.

“நான்தான், தங்கச்சி. நீலம் எனக்கு ராசி. கெஞ்சிக் கேட்டேன். இவன் பாவம், கழட்டிக் கொடுத்துட்டான்.”

அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு அவ்வளவு சின்னப் பொய்யை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அக்கா நம்பினார். நம்பியதோடு விட்டுவிடவில்லை. உங்கள் ராசிக்கு எங்கள் பிழைப்புதான் கிடைத்ததா, வேலையும் வாங்கிக்கொண்டு தினமும் வந்து டீயும் குடிக்கிறீர்களே, அண்ணே அண்ணே என்று கூப்பிட்ட வாயை நான் எங்கே போய்க் கழுவுவேன் என்று வரிசையாக இறங்கியது. சட்டக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். ஒன்றையும் தடுக்கவில்லை, ஒன்றுக்கும் விலகவில்லை. கயிற்றோரம் மாட்டிக்கொண்டவர் மாதிரி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு நின்றார். மாமா இரண்டு முறை குறுக்கே வரப் பார்த்தார். இரண்டு முறையும் சட்டக்காரர் பின்கையால் அவரைத் தள்ளினார்.

“நான் ஒரு பைத்தியக்காரி, பின்வரிசைல உக்காந்துகிட்டு, இவரு முந்தின நாளே சொன்னாரேன்னு, அந்தச் சிவப்பையே கண்ணு கொட்டாம பாத்துக்கிட்டு…”

அக்கா நிறுத்தினார்.

கையில் இருந்த தலையணை உறை பாதி மடிப்பில் நின்றது. பெரியவர் ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாகக் கோட்டோடு நின்றார். சட்டக்காரர் நிமிரவில்லை.

“முந்தின நாளே சொல்லிட்டாரே” என்றார் அக்கா, யாரிடமும் இல்லாமல். “சிவப்புன்னு.”

மாமா இஸ்திரிப் பெட்டியின் சுவிட்சை அணைத்தார். தேய்க்க வந்திருந்த மூட்டைகளில் பெரியதாக ஒன்றை இழுத்துப் போட்டு, அக்காவின் இரண்டு தோளையும் பிடித்து அதன்மேல் உட்கார வைத்தார். அடுக்கியிருந்த துணியிலிருந்து யாருடையதோ ஒரு துண்டை உருவி உதறினார். ரவுண்டு முடிந்து மூலைக்கு வந்த சண்டைக்காரருக்கு வீசுவதுபோல, அதன் இரண்டு முனைகளையும் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, அக்காவின் முகத்துக்கு நேராக, மேலும் கீழுமாக வீச ஆரம்பித்தார்.