தன் நினைவஞ்சலிக்குப் போய்வந்த முதல் ரீல் அம்மா

உயிரோடு இருக்கிற ஒருவருக்கு நினைவஞ்சலிக் கூட்டம் நடந்தால், அவர் எந்த வரிசையில் உட்கார வேண்டும்?

எங்கள் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் குடியிருக்கும் நடிகை, படிக்கட்டில் என்னை நிறுத்தி இப்படித்தான் கேட்டார். பன்னிரண்டு வருஷப் படிப்பில் இது எந்தப் பாடத்திலும் வரவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டேன். பிறகு நடந்ததை அவரும் அவர் தங்கையும் சொன்னபடி எழுதுகிறேன். எதை யார் சொன்னது என்று பிரிக்க முடியாது. இருவரும் ஒரே நேரத்தில்தான் பேசுவார்கள்.

சினிமாக்காரர்கள் அந்த நடிகைக்கு வைத்த பெயர் 'முதல் ரீல்'. முதல் ரீல் முடிவதற்குள் செத்துப்போகிற அம்மா வேஷம் என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாற்பத்திரண்டு படங்களில் நடித்தார். முப்பத்தெட்டில் செத்தார். மீதி நாலில், படம் தொடங்கும்போதே செத்திருந்தார்.

அவர் நடிக்க வேண்டும் என்று போனவர் இல்லை. பத்தொன்பது வயதில் ஸ்டுடியோவின் தையல் அறையில் பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். அம்மாவாக நடிக்க வந்த அம்மாள், உட்கார நல்ல நாற்காலி போடவில்லை என்று கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார். இயக்குநர் தையல் அறைக்குள் தலையை நீட்டினார்.

“நீ அசையாம படுப்பியா?”

“எவ்வளவு நேரம்?”

“அவன் அழுது முடிக்கிற வரைக்கும்.”

தலையில் வெள்ளைப் பவுடரைக் கொட்டிக் கட்டிலில் படுக்க வைத்தார்கள். மேலே விழுந்து அழுத மகன், அந்தப் படத்தின் கதாநாயகர், அம்மாவைவிட எட்டு வயது மூத்தவர். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு படங்களில் அவரே மகன்.

பிணமாக நடிப்பது சும்மா படுத்திருக்கிற வேலை என்று நினைப்பவர்கள் ஒருமுறை படுத்துப் பார்க்கலாம். கேமரா கிட்டே வந்தால் நெஞ்சு ஏறி இறங்குவது தெரிந்துவிடும். இவர் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். மகன் மேலே விழுந்து விம்மும்போது மூச்சை இழுப்பார். அடுத்த விம்மலில் விடுவார். அவர் உடம்பு குலுங்குகிற குலுங்கலில் இவர் மூச்சு மறைந்துவிடும். ஆனால் இந்தக் கதாநாயகர் வசனம் மறக்கிறவர். மறந்தால் விம்மவும் மறந்துவிடுவார். ஒரு படத்தில் அப்படி நாலு முறை நின்று, இவருக்கு நிஜமாகவே மயக்கம் வந்துவிட்டது. “இதான் சரியா வந்திருக்கு” என்று இயக்குநர் அடுத்த காட்சிக்குப் போய்விட்டார்.

இவ்வளவு சாவுக்கும் நடுவில் அவருக்கு ஒரே ஓர் ஆசைதான். கடைசிக் காட்சி வரை உயிரோடு இருக்கிற ஒரு வேஷம். கடைசியில் எல்லோரும் வரிசையாக நின்று சிரிப்பார்களே, அதில் ஓரமாக ஓர் இடம். எல்லா இயக்குநர்களிடமும் கேட்டார். எல்லோரும் தங்கமானவர்கள். “அடுத்த படத்துல பாக்கலாம்மா. இதுல மட்டும் செத்துடுங்க” என்றார்கள்.

பிறகு டிவிக்கு வந்தார். ஒரு தொடரில் பெரிய குடும்பத்தின் தலைவி. நாற்பதாவது நாள் மாரடைப்பு. அவர் படத்தைக் கறுப்புச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். தொடர் ஆறு வருஷம் ஓடியது. மகன் அந்தப் படத்தின் முன்னால் சபதம் செய்தான், மருமகள் அழுதாள், சொத்தை அபகரித்த நாத்தனார் நின்று சிரித்தாள்.

“உன்னைவிட உன் படம் நல்லா நடிக்குது” என்றார் தங்கை. பல் மருத்துவமனையின் வரவேற்பு மேஜையில் முப்பது வருஷம் உட்கார்ந்தவர் அவர். வலியோடு வருகிறவர்களிடம் பேசிப் பேசி இரக்கம் தீர்ந்துபோயிருந்தது.

தொடர் முடிந்த பிறகு நாலு வருஷம் போன் வரவில்லை. வயதாகிவிட்டது, நடிப்பு போய்விட்டது என்று அவரே முடிவு செய்துகொண்டார். உண்மையில் நடந்தது வேறு. தொடர் முடிந்ததும் அந்தப் படம் சாமான் அறைக்குப் போனது. அதே மாதம் டிவி நிலையத்தின் நடைபாதைக்கு வெள்ளையடித்தார்கள். அங்கேதான் மறைந்த கலைஞர்களின் படங்கள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு குட்டி விளக்கோடு, வரிசையாக மாட்டியிருக்கும். வெள்ளையடித்தவர் எல்லாவற்றையும் கழற்றித் திரும்ப மாட்டியபோது ஒரு படம் கண்ணாடி உடைந்து போயிருந்தது. ஓர் ஆணி மிச்சம். அவர் ஒழுங்கான மனிதர், ஆணி சும்மா இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. சாமான் அறைக்குப் போய்ப் பார்த்தார். கறுப்புச் சட்டம், சரியான அளவு, சோகமான முகம். வேறென்ன வேண்டும்?

அன்றிலிருந்து சாப்பிடப் போகிறவர்கள், வேஷத்துக்கு ஆள் தேர்வு செய்கிறவர்கள், எல்லோரும் அவரைச் செத்தவர்களுக்கு நடுவில் பார்த்தபடி போனார்கள். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. சுவரில் இருப்பவர்கள் செத்தவர்கள், அவ்வளவுதான். நாலாவது வருஷம் அந்த வரிசைப்படி நினைவஞ்சலி நிகழ்ச்சி நடத்த ஆரம்பித்து, அவர் முறை வந்தது.

விளம்பரத்தைத் தங்கைதான் முதலில் பார்த்தார்.

“அக்கா, நீ செத்துட்டியாம்.”

“எப்போ?”

“அது சொல்லல. ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்கு நேரலையாம். உன் சினிமாப் பையன் பேசறான்.”

“அவன் வர்றானா? அப்ப மூணு மணிக்குத் தொடங்காது.”

தங்கை நிலையத்துக்குப் போன் போட்டு அக்காவிடம் கொடுத்தார். “அவங்க சார்பா யார் பேசறீங்க?” என்றது ஒரு குரல். “அவங்களேதான்” என்றார் இவர். “ரொம்ப வருத்தம் மேடம். குடும்பத்துக்கு முன்வரிசையில ரெண்டு இடம் போட்டிருக்கோம்” என்று சொல்லிவிட்டுக் குரல் வைத்துவிட்டது. குடும்பத்துக்கு இடம் தெரிந்துவிட்டது. செத்தவருக்குத்தான் தெரியவில்லை. படிக்கட்டில் என்னிடம் கேட்டது அப்போதுதான்.

ஆனால் அவருக்கு வருத்தம் இல்லை. “நடிக்கத் தெரியலன்னு கூப்பிடாம இருக்காங்கன்னு நெனச்சேன். செத்துட்டேன்னு நெனச்சிருக்காங்க. அவ்வளவுதான் விஷயம். போய் நேர்ல நின்னா போதும், வேலை கொடுப்பாங்க.”

ஞாயிற்றுக்கிழமை நிலைய வாசலில் காவலாளி பட்டியலைப் புரட்டினார். “பேரு இருக்கா?”

இவர் அங்கே ஒட்டியிருந்த நினைவஞ்சலிச் சுவரொட்டியைக் காட்டினார். காவலாளி அதைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். “சாயல் அப்படியே இருக்கு. தங்கச்சியா?”

“தங்கச்சி நான்” என்றார் தங்கை.

“உங்களுக்கு சாயலே இல்லையே” என்று சந்தேகத்தோடு உள்ளே விட்டார்.

முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓர் இயக்குநர், கடைசி நாளில் அம்மா தன் கையைப் பிடித்து, இனி சினிமாவை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதாகச் சொன்னார். “பல்லு வலிக்குதுன்னு உங்க டாக்டர் நம்பரைக் கேட்டான். நான் அவன்கிட்ட கடைசியாப் பேசினது அதுதான்” என்றார் இவர், தங்கையின் காதில்.

கதாநாயகர் கறுப்புக் கண்ணாடியோடு மேடை ஏறினார். எழுபத்தொன்பது வயது மகன் எழுபத்தொரு வயது அம்மாவுக்காக அழுதார். இந்த முறை வசனம் எதையும் மறக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் தங்கை முழங்கையால் இடித்தார். “மூச்சு விடுக்கா. கேமரா இங்க இல்ல.” அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அந்த விம்மலுக்கு ஏற்றபடி இவர் மூச்சு தானாகவே போய்க்கொண்டிருந்தது.

குடும்பத்தில் யாராவது பேசலாம் என்று தொகுப்பாளர் பெண் திரும்பினாள். இவர் முகத்தைப் பார்த்தாள், மேடையில் இருந்த படத்தைப் பார்த்தாள், உள்ளே ஓடினாள். விளம்பர இடைவேளை விட்டார்கள். நிலைய மேலாளர் வேர்த்து விறுவிறுத்து வந்து நாற்காலி பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. நீங்க இருக்கறது எங்களுக்கு சந்தோஷம்தான். ஆனா இன்னும் இருபது நிமிஷம் நிகழ்ச்சி இருக்கு. சாரும் அழுதுட்டாரு. அழுததை எப்படித் திரும்ப எடுக்கறது?”

“அதுக்கு நான் என்ன செய்யணும்?”

“தங்கச்சின்னு சொல்லி ரெண்டு வார்த்தை பேசிடுங்க.”

அவர் யோசித்தார். ஐம்பத்திரண்டு வருஷமாகக் கேட்ட கேள்வியை இன்னொரு முறை கேட்டார். “அந்தத் தங்கச்சி கடைசி வரைக்கும் இருப்பாளா?”

“இருப்பாங்கம்மா. கடைசியில எல்லாரும் மேடையில வரிசையா நிப்பீங்க.”

தங்கை தலையை ஆட்டினார். “போக்கா. நீ ஆசைப்பட்ட வேஷம். கஷ்டமே இல்ல, யாரையும் மதிக்காம பேசினா என்னை மாதிரியே இருக்கும்.”

அவர் மேடை ஏறினார். தங்கையாகப் பேச இரண்டு வார்த்தை தயாராகத்தான் இருந்தது. பக்கத்தில், நடைபாதையில் போலவே குட்டி விளக்குக்குக் கீழே, அவர் படம். இன்றைக்குத் தங்கையாகிவிட்டால், செத்தவருக்கு நாளையிலிருந்து வேலைக்கு யார் போன் போடுவார்கள்? மைக்கைப் பிடித்தார்.

“அது நான்தான். நான் சாகல. முப்பத்தெட்டு தடவை செத்தது நடிப்பு. நாளைக்குக் காலைல கூப்பிட்டாலும் வேலைக்கு வருவேன். சாகாத வேஷமா இருந்தா நல்லது. செத்தாலும் பரவாயில்ல, மூச்சு இன்னும் பிடிக்க வருது.”

கதாநாயகர் கண்ணாடியைக் கழற்றினார். “நல்லா இருக்கீங்களா?”

“இருக்கேன். நீங்க அழுதது நல்லா இருந்தது. ரெண்டாவது விம்மல்தான் கொஞ்சம் அவசரம்.”

இது எதையும் நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அவர் மைக்கைத் தொட்டபோதே ஒளிபரப்பை நிறுத்தி, வீடுகளில் பற்பசை விளம்பரம் காட்டினார்கள். அது முடிந்ததும் பதினேழு நிமிஷம் சோக இசையோடு அவர் படம் மட்டும். முன்னாலாவது சாப்பிடப் போகிறவர்களுக்குத்தான் அவர் செத்தது தெரியும். இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அரங்கத்தில் இருந்தவர்கள் சொன்னால், மற்றவர்கள் டிவியில் அப்படி வரவில்லையே என்கிறார்கள்.

நடைபாதையில் படம் இன்னும் இருக்கிறது. எடுத்தால் ஓர் ஆணி சும்மா இருக்குமாம். அதன் பிறகு ஒரே ஒரு போன் வந்தது. ஒரு பத்திரிகையிலிருந்து, இறந்த தேதியைக் கேட்டு. தங்கை எடுத்து, “இன்னும் முடிவு பண்ணல” என்று வைத்துவிட்டார்.

அதனால்தான் எழுதினேன். இதைப் படித்தவர்கள் பக்கத்து வீட்டிலோ பேருந்திலோ வேலை செய்கிற இடத்திலோ நாலு பேரிடம் இதைச் சொல்லுங்கள். அந்த நாலு பேரில் ஒருவருக்காவது படம் எடுக்கிறவர் யாரையாவது தெரிந்திருக்கும். அவர் உயிரோடு இருக்கிறார், வேலைக்குத் தயார் என்று சொன்னால் போதும். இரண்டாம் மாடி, இடப்பக்கக் கதவு. மணியை இரண்டு முறை அடிக்க வேண்டும். முதல் மணிக்குத் தங்கைதான் வருவார், யார் என்றுகூடக் கேட்காமல் கதவைச் சாத்துவார்.