12.05-க்கு வெளியான அறிவிப்பு

எங்கள் கல்லூரி அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் இருக்கிறது. அதன் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்பவர் அனுசுயா அக்கா. தட்டச்சராக வேலைக்குச் சேர்ந்தவர். வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் ஒருநாள் பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டிவிட்டுப் பெங்களூருக்குப் போய்விட, அந்த வேலையும் அக்கா தலையில் விழுந்தது.

ஆறு வருஷத்தில் அக்காவுக்கு அது கைவந்துவிட்டது. புதுப் பக்கம் திறப்பார், பழைய பதிவைத் திருத்துவார், படத்தை அளவாக வெட்டிச் சேர்ப்பார். எல்லாம் வரைவாகச் சேமித்து வைப்பதோடு சரி. 'வெளியிடு' பொத்தானை அழுத்தும் அதிகாரம் மட்டும் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தொங்கும் தினசரிக் காலண்டரிடம் இருந்தது.

காரணம், எங்கள் தாளாளர் பாலசுந்தரம். நல்ல மனிதர்தான்; ஆனால் நேரம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். எந்தப் பதிவும் ராகு காலத்திலோ எமகண்டத்திலோ வெளியாகக் கூடாது. அது ஊருக்கும் தெரிய வேண்டும் என்று ஒவ்வொரு தலைப்புக்குக் கீழேயும் தேதியோடு மணியையும் காட்டச் சொல்லியிருந்தார். ஒருமுறை தேர்வு அட்டவணையில் செவ்வாய்க்கிழமை புதன்கிழமையாகிவிட்டது. ராகு காலம் முடிந்த பிறகு திருத்தினால் போதும் என்றார். அந்த ஒன்றரை மணி நேரமும் போனை எடுத்து "செவ்வாதாங்க, செவ்வாதாங்க" என்று சொல்லிச் சொல்லியே அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது.

நான் வணிகவியல் ஆசிரியை. வாய் சும்மா இருக்காது. "என்னக்கா, இந்தக் கமாவுக்கு முகூர்த்தம் குறிச்சாச்சா?" என்பேன்.

"சிரிங்க மேடம், சிரிங்க. என் எடத்துல ஒக்காந்து பாத்தா தெரியும்."

போன சித்திரையில் ஒரு திங்கட்கிழமை. இறுதியாண்டுப் பிள்ளைகளெல்லாம் படிப்பு விடுமுறையில் வீட்டில் இருந்தார்கள். பத்து நாற்பதுக்கு, ஆலத்தியூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றிலிருந்து மெயில் வந்தது. வேறொரு கல்லூரி விலகிவிட்டதால் எங்கள் பிள்ளைகளை வேலைக்கு நேர்காணல் செய்யத் தயார் என்றும், பன்னிரண்டு மணிக்குள் பெயர் பதிய வேண்டும் என்றும் எழுதியிருந்தார்கள். எங்கள் வெப்சைட்டில் பதிவு வெளியானால்தான் பிள்ளைகளின் போனுக்குத் தகவல் போகும். பதிவதற்கான படிவமும் அங்கேதான்.

அக்கா பரபரவென்று பதிவைத் தயார் செய்துவிட்டுத் தாளாளருக்குப் போன் போட்டார்.

"மணி என்ன?" என்றார் அவர்.

"பத்தே முக்காலுங்க சார்."

"எமகண்டம் ஓடுது. பன்னெண்டு தாண்டட்டும்மா. இப்பப் போட்டா ஒருத்தனுக்கும் வேல கெடைக்காது."

"தாண்டுனா பேரே பதிய முடியாதுங்க சார்."

"அவசரப்படாத. எல்லாம் நடக்கும்." போனை வைத்துவிட்டார்.

வருகைப் பதிவேடு வாங்க வந்த நான் அங்கேயே நின்றுவிட்டேன். அன்றைக்கு எனக்குக் கேலி வரவில்லை. அக்காவின் வீட்டுக்காரருக்கு வேலை போய் மூன்று வருஷம். வீட்டுக்கு வருவது அக்காவின் சம்பளம் ஒன்றுதான். அதையும் இழந்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? வேலை கேட்டு அலைவது எப்படி என்பதும் தெரியும்.

பத்து ஐம்பத்திரண்டுக்குப் பொத்தானை அழுத்தினார். அப்புறம் அரை டம்ளர் தண்ணீரைப் புடவையில் கொட்டிக்கொண்டு அரை டம்ளரைக் குடித்தார்.

பன்னிரண்டு பத்துக்கு அதே பதிவைத் திரும்பத் திறந்தார். ஓரத்தில் வெளியான நேரத்தைத் திருத்துவதற்கு ஒரு கட்டம் உண்டு. 10.52-ஐ அழித்து 12.05 என்று போட்டார்.

"தப்புதான் மேடம். ஆனா சாப்ட்டுட்டு வந்தா அவரு மொதல்ல பாக்குறது மணியத்தான்."

பதிந்தவர்கள் முப்பத்துநாலு பேர். பதினொரு பேருக்கு வேலை கிடைத்தது. மீன்சுருட்டியிலிருந்து சத்யப்பிரியா என்ற பெண் ஜாங்கிரியோடு வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "அவசரப்படாதன்னு சொன்னேன்ல, நடந்துச்சா?" என்று தாளாளர் பார்த்தவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டார்.

ஒரு மாதம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் தாளாளர் அக்காவைக் கூப்பிட்டனுப்பினார். அக்கா டிபன் பாக்ஸைப் பைக்குள் வைத்து, மேசையைத் துடைத்துவிட்டு, என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனார். தாளாளர் முன்னால் இரண்டு தாள்கள் இருந்தன.

"பதிஞ்ச லிஸ்ட்ட இன்னிக்கித்தான் பாத்தேன். முப்பத்துநாலு பேரும் பன்னெண்டுக்கு முன்னாடியே பதிஞ்சிருக்கான். நீ பன்னெண்டு அஞ்சுக்குத்தான் அறிவிப்பே போட்டிருக்க. அது எப்படிம்மா?"

அக்கா நிமிர்ந்து பார்த்தார். "எமகண்டத்துலதாங்க சார் போட்டேன். ஓரத்துல ஒரு கட்டம் இருக்குங்க, அதுல மணிய அப்பறமா மாத்துனேன். வேலைய விட்டுப் போகச் சொன்னா போயிடுறேன். ஆனா பதினோரு புள்ளைங்களுக்கு வேல கெடைச்சிருக்குங்க."

தாளாளர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். போச்சு என்று நினைத்தேன்.

"அந்தக் கட்டம்..." என்று குரலைத் தாழ்த்தினார். "எல்லாத்தையும் மாத்துமா?"

"எதங்க சார்?"

"காலையில புதுக் கட்டடத்துக்கு அடிக்கல் நட்டோம்ல? ஒம்பதே காலுக்கு வரவேண்டிய விருந்தாளி லாரி நெரிசல்ல மாட்டிக்கிட்டு பத்து அம்பதுக்கு வந்து நட்டாரு. நல்ல ராகு காலம். எனக்குச் சோறு எறங்கல. வெப்சைட்டுல மட்டும் ஒம்பது இருவதுன்னு போட்டுடேன்."

சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டேன். அக்கா சிரிக்கவில்லை. வேலையில் அவ்வளவு கவனம். "போட்டுடலாங்க சார். ஆனா போட்டோவுல அவரு கைக்கடிகாரம் பத்து அம்பது காட்டுதுங்க."

"கையோட வெட்டிடு."

அந்தப் படம் இன்றும் எங்கள் வெப்சைட்டில் இருக்கிறது. விருந்தினருக்கு இடது கை முழங்கையோடு முடிந்துவிடும்.

அடுத்த திங்கட்கிழமை பதினோரு மணிக்கு இன்னொரு அவசர அறிவிப்பு வந்தது. அக்கா பழக்கதோஷத்தில் போன் போட்டார்.

"என்னைய எதுக்கும்மா கேக்குற?" என்றார் தாளாளர். "மொதல்ல போடு. மணிய அப்பறம் பாத்துக்கலாம்."